உன் இடது கை, என் வலது கை

பாய், சௌக்கியமா? அங்கே வெயில் எப்படி? இங்கே மலையைத் தொட்டுவிட்டு வரும் காற்றுகூட அடுப்படிக் காற்று மாதிரி இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் வரவேற்பு, நம் குழுவின் பாட்டுக் கச்சேரி. இப்போதுதான் உன் பேஸ் கிட்டாரின் உறையைத் திறந்தேன். குப்பென்று தையல் மெஷின் எண்ணெய் வாசனை. உன் கடையில் தைக்கக் கொடுத்த பேண்ட் துணிகளின் மிச்சத்தில் நீயே தைத்த உறை. அதில் ஓடும் நீலப் பட்டை ஒரு குமாஸ்தாவுடையது. துணி எடுத்துக் கொடுத்த பிறகு சர்க்கரை வந்து ஆள் பாதியாகிவிட்டார், அதனால் மிஞ்சியது என்பாய். அந்தக் கதை இருக்கட்டும்.

நான் குழுவின் வேன் டிரைவர். ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிவைத்தால் என் வேலை முடிந்தது. கச்சேரி முடியும்வரை வண்டியில் தூங்குவேன். நீ பகலில் தையல்காரர், மேடையில் பேஸ். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போகும் அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டதே கிடையாது. வேன் கதவு அதிர்வதை வைத்து, பாய் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

பக்கவாதம் வந்து உன் வலது கை விழுந்தது. குழுவை நடத்துகிற நம் மாஸ்டர் கெட்டவர் இல்லை. கடைக்கே வந்து சொன்னார். "பேஸை கீபோர்டுலயே போட்டுக்கிறோம் பாய். நீ உடம்ப பாத்துக்கோ." நீ தலையை மட்டும் ஆட்டினாய். அவர் போன பிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, இடது கையால் தந்திகளை அழுத்தி அழுத்தி விட்டாய். சத்தமே வரவில்லை. மீட்டுகிற கை இல்லையே. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா பாக்கறே மச்சான்? உன் கையி சும்மாதானே கீது. இங்க குடு."

அப்படித்தான் நான் பேஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், பாதிப் பேஸ். கிட்டார் உன் மடியில். அழுத்துவது உன் இடது கை. நான் உன் வலது தோளை ஒட்டி உட்கார்ந்து, திரும்பி, வலது கையால் மீட்ட வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மாற்றி மாற்றி, கால் நடக்கிற மாதிரி. பிளவுஸ் வாங்க வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாய்யா இது, ஊசி போட ஆட்டுக்குட்டியப் புடிச்சிக்கினா மாதிரி ரெண்டு பேரும்?" நீ சிரித்த சிரிப்பில் கிட்டாரே மடியிலிருந்து நழுவியது.

என் கோளாறு வேகம். நாலு தடவை சரியாக மீட்டினால் ஐந்தாவது தடவை முன்னால் ஓடிவிடுவேன். "ரோடு காலியா கீதுன்னு முடுக்கறே பாரு, டிரைவர் புத்தி" என்று திட்டுவாய். திட்டிப் பார்த்தும் பலனில்லை. அப்புறம் ஒருநாள் கேட்டாய். "பௌர்ணமி அன்னிக்கி வழி தப்பி கிரிவலப் பாதையில மாட்டிக்கினோமே, ஞாபகம் கீதா?"

மறக்குமா? சாயங்காலம், செங்கம் ரோட்டில் குறுக்கு வழி என்று நான்தான் திருப்பினேன். முன்னாலும் பின்னாலும் ஜனம். ஹாரன் அடிக்க மனசு வரவில்லை. சாமி கும்பிட்டு நடக்கிறவர்களிடம் என்ன ஹாரன்? ஒரு மணி நேரம் முதல் கியரிலேயே, கிளட்சில் கால் வைத்தபடி, ஒரு கிழவியின் பாதத்துக்குப் பின்னாலேயே வந்தோம்.

"அப்பிடி மீட்டு மச்சான். முன்னாடி ஜனம் நடக்குது. நாம பின்னாடி போறோம், அவ்ளோதான்."

அன்றைக்குத்தான் என் விரல் அடங்கியது.

மேடையில் நாம் இருவரும் சேர்ந்து வாசிக்கலாமா என்று மாஸ்டரிடம் நீயே போய்க் கேட்டாய். அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே பாட்டு. சொதப்பினா, பாய், மறுபடி என்னக் கேக்கக்கூடாது."

மேடை ஏறி ஒட்டி உட்கார்ந்தோம். முதல் சரணம் நன்றாகப் போனது. கீழே யாரோ விசில் அடித்தார்கள், அவ்வளவுதான், நான் முடுக்கிவிட்டேன். பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் முகம் கறுத்தது. போச்சு, உன் இடம் என்னால் போச்சு என்று நினைத்தேன். நீ சட்டென்று உள்ளங்கையால் நாலு தந்தியையும் அமுக்கினாய். சத்தம் செத்தது. என் காதில் "கிளட்ச்!" என்றாய்.

நான் நிறுத்தினேன். டிரம்ஸ் மட்டும் போனது. அந்தக் கிரிவல ஜனம் நடப்பதுபோல இருந்தது எனக்கு. நீ கையை எடுத்தாய், நான் அவர்கள் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டேன். வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று நினைத்துச் சபை கைதட்டியது. மாஸ்டர் கிட்டே வந்து, "அடுத்த பாட்டுக்கும் இருங்க பாய்" என்றார். நீ என்னைப் பார்க்கவில்லை. செத்த கையை நல்ல கையால் தூக்கி என் தொடையில் வைத்தாய்.

ஒன்றரை வருஷம் வாசித்தோம்.

நீ கண்ணை மூடிய நாற்பதாம் நாள், உன் வீட்டம்மா கிட்டாரைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் தங்கச்சி, எனக்குப் பாதிதான் தெரியும் என்றேன். "அவரு கையி ஒண்ணு உங்ககிட்டதானே கீது, அண்ணே. எடுத்துக்கோங்க" என்றார். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

மறுபடி ஆரம்பத்திலிருந்து, இந்தத் தடவை இடது கை. விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடித்து மணிக்கட்டு வீங்கியது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு கையும் என்னுடையதாக மேடை ஏறப் போகிறேன்.

நான் உனக்குக் கை கொடுத்தேன் என்று ஊரில் புகழ்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது பாய். வண்டியில் தூங்கிக் கிடந்தவனைப் பாட்டுக்குள்ளே கூட்டிப்போனது நீ. ஒன்று சொல்ல வேண்டும். உன் இடது கைச் சுண்டுவிரல் எப்போதும் தந்தியைத் தொடாமல் தனியாக நிற்கும், நினைவிருக்கிறதா? போன வாரம் வாசித்துப் பழகும்போது குனிந்து பார்க்கிறேன், என் சுண்டுவிரலும் அப்படியே நிற்கிறது. நீ சொல்லித் தரவில்லை, நானும் கற்றுக்கொள்ளவில்லை. மடக்கிப் பார்த்தேன், பாட்டே கெடுகிறது. அதனால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த விரல்… இரு பாய், மாஸ்டர் மேடையிலிருந்து கத்துகிறார், "யோவ், பேஸ் செக் பண்ணணும், மேல வா!" இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அந்த விரல் இருக்கிறதே, அது உன்…