அசையாமல் படுக்கச் சொல்லிக்கொடுத்தவளுக்கு

கண்ணே,

இன்று காலை மதிய உணவு டப்பாவைக் கழுவ வெந்நீர் ஊற்றினேன். பிளாஸ்டிக் மூடி இளகி ஒரு வாடை எழுந்தது. அபுதாபி ஆஸ்பத்திரியில் என் மகனுக்குக் கதிர்வீச்சு முகமூடி செய்த அறையின் வாடை. நினைவில் நீ வந்து நின்றாய்.

வலை போன்ற பிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி முகத்தில் அழுத்தி, மேசையோடு மாட்டுவார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளை அலறினான். தினமும் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று டாக்டர் யோசித்தபோது, பக்கத்துக் கட்டிலிலிருந்து நீ தள்ளாடி இறங்கி வந்தாய். உனக்கு ஒன்பது வயது.

"வலிக்கவே வலிக்காதுடா. மனசுக்குள்ள பாட்டுப் பாடு. ரெண்டு பாட்டு, கலாஸ், முடிஞ்சிடும்!"

மறுநாள் அவன் அசையாமல் படுத்தான்.

அவனுக்குப் புற்றுக்கட்டி சிறுமூளையில் இருந்தது. அதை முன்பே அறுவை செய்து எடுத்திருந்தார்கள். பிறகுதான் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு, மாதக்கணக்கில் கீமோ. உன்னுடையது மூளைத்தண்டில், மூச்சை நடத்தும் இடத்தில். அங்கே கத்தி வைக்க முடியாது. கதிர்வீச்சு கொஞ்ச காலம் அடக்கிவைக்கும், அவ்வளவுதானாம் என்று உன் உம்மா சொன்னபோது அவள் கையைப் பிடித்திருந்தேன். 'நல்லவேளை, நம்ம பிள்ளைக்கு அங்கே இல்லை' என்றது என் மனம். பிடித்த கை கூசிப்போனது.

சில மாதம் நீ நேராக நடந்தாய், வராந்தாவில் அவனைத் துரத்தி ஓடினாய். பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. உன் வாப்பா துபாய் அல் கூஸில் இருந்த மளிகைக் கடையைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு உன்னை ஊருக்கு, கீழக்கரைக்குக் கூட்டிப்போனார். நீ இறந்துபோன செய்தி அந்தத் தம்பி மூலம்தான் வந்தது. நான் போன் செய்யவில்லை. பிழைத்த என் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

போன வாரம் உன் உம்மாவே, நாங்கள் இப்போது இருக்கும் புஜைராவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, உங்க பிள்ளை எப்படி இருக்கான்?"

"ஏதோ இருக்கான்மா. நடக்கத்தான் கஷ்டப்படுறான்."

பொய். கட்டிடத்துக்குக் கீழே பந்து விளையாடிக்கொண்டிருந்தான். "அம்மா, கோல்!" என்று அந்த நேரம் பார்த்துக் கத்தினான். ஜன்னலை மூட ஓடினேன்.

"அவன் சத்தம்தானேக்கா?"

"ஆமா..."

"அல்ஹம்துலில்லாஹ். மூடாதீங்க. கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."

போனை ஜன்னலில் நீட்டியபடி நின்றேன். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. காதில் வைத்துப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. அந்தக் கூச்சம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

உன் உம்மாவிடம் சொல்ல வாய் வராததை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அவன் நன்றாக இருக்கிறான்.