முதுகில் புள்ளி இல்லாத பாப்கேட்

மார்ச் 12, வியாழன்
காலையிலிருந்து தூறல். கடைக்கு வெண்டிக்காய் இன்றும் வரவில்லை. மகள் துளசி அனுப்பிய பூனைக்குட்டியின் படத்துக்குச் சட்டம் போட்டு அங்கே மாட்டினேன். போன வருடம் எடுத்தது. பாப்கேட். அமெரிக்கக் காட்டுப்பூனை, கட்டை வால், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. வேலை செய்யும் விலங்குப் பூங்காவில் அவளே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது! படம் வெறிச்சென்று இருந்தது. பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஒன்றும் போட்டேன். நல்ல எடுப்பு.

மார்ச் 13, வெள்ளி
கடைக்கு வந்த முதல் ஆளே, "அண்ணை, பூனை எப்ப செத்தது?"
மாலை போட்ட படம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கழற்றுவதற்குள் இன்னும் இரண்டு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள்.
பின்னேரம் பக்கத்து ஊர் பொபினியிலிருந்து பெரியண்ணை வந்தார். படத்தைப் பார்த்தார். "கணக்குப் படிப்பை விட்டிட்டுப் பூனைக்குப் பீ அள்ளுறாள். நீ அதைச் சட்டம் போட்டு மாட்டுறாய்."
சுருக்கென்றது. "ஞாயிறு பூங்காவுக்கு வாங்கோ, வந்து பாருங்கோ" என்றேன். வீறாப்பில் சொல்லிவிட்டேன். அங்கே வைத்து அவளை ஏதும் சொல்லிவிட்டால்? பிள்ளை தாங்க மாட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு
வெயில். ரயில், பிறகு பஸ். அண்ணை கோட்டும் சூட்டும்.
கூண்டில் பெரிதாக ஒன்று. சாம்பல் முதுகு. புள்ளியையே காணோம்.
"படத்திலை சிறுத்தை, இஞ்சை வெறும் பூனை. ஆரோ வளர்த்த குட்டியைக் காட்டி உன்னைப் பேய்க்காட்டி ஏமாத்திப்போட்டாள், தம்பி."
நான் கூண்டுக்குள் எட்டிப் புள்ளியைத் தேடினேன்.
துளசி வந்தாள், கையில் மைக். நல்ல சனம். பிரெஞ்சில் பேசிக்கொண்டே தடியில் இறைச்சியைக் குத்தி மேலே பிடித்தாள். பூனை கூண்டின் கம்பிவலையைப் பிடித்து எழும்பி நின்றது. வெள்ளை வயிறு, அதில் கறுகறுவென்று புள்ளி. முன்னங்காலின் உட்பக்கம் பட்டை பட்டையாக.
அப்போதுதான் எங்களைக் கண்டாள். வீட்டில் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், மைக்கிலேயே தமிழில், "பெரியப்பா, குட்டியிலை முதுகெல்லாம் புள்ளி இருக்கும். வளர வளர அது மங்கும். வயித்திலையும் காலுக்கு உள்ளையும் மங்காது. நான் வளர்த்த அதே குட்டிதான் இது."
சனம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. என் மகள்! நெஞ்சு நிறைந்துவிட்டது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.
அண்ணை அவளிடம் போனார். தலையைத் தடவிவிட்டு வந்தார். திரும்பும்போது ரயிலில் யாருக்கோ போன், பெட்டி முழுக்கக் கேட்க:
"வாற ஞாயிறு எல்லாரும் வெளிக்கிட்டு நில்லுங்கோ. எங்கடை பிள்ளை காட்டுப்பூனை வளர்க்கிறாள். ஓம், எங்கடை பிள்ளைதான்! முதுகைப் பாத்து ஏமாறாதேங்கோ, வயித்தைப் பாக்கோணும்."