கடலில் இறங்காதவருக்கும் ஒட்சிசன் அறையைத் திறந்துவிடக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி இன்னாசித்தம்பி ஸ்ரெல்லா,
தேவாலய வீதி, கொக்கிளாய்,
முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மாகாண சுகாதார சேவைகள் திணைக்களம்.

விடயம்: கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் தாடை எலும்பு பழுதடைந்த என் கணவருக்கு அழுத்த ஒட்சிசன் சிகிச்சை மறுக்கப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இன்னாசித்தம்பி, கடலட்டை பிடிக்கக் காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கும் சுழியோடி. வெற்றிலை புகையிலையை விடச் சொல்லி நான் கத்தாத நாள் இல்லை. கீழ்த்தாடையில் புற்றுநோய் வந்து, கடந்த வருடம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார். கட்டி கரைந்துவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன அன்று கோவிலில் மெழுகுதிரி ஏற்றினோம்.

2. அதன்பின் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. எங்கள் கரையில் ஆடுகிற பல்லுக்கு யாரும் வைத்தியரிடம் போவதில்லை. மீன்பிடிக்கும் தங்கூசி நூலைக் கட்டி ஒரே இழுவையாக இழுத்துவிடுவார்கள். அவரும் அப்படியே செய்தார். கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கக் கூடாதென்று எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பயத்தில் எங்கள் காதில் ஏறாமல் போயிருக்கும். அதற்காக யாரையும் குறைகூற நான் வரவில்லை. அந்தப் புண் இன்றுவரை ஆறவில்லை. எலும்பு வெளியே தெரிகிறது. நாற்றத்துக்கு வெட்கப்பட்டு, வாயை உடுத்த சாரத்தின் தலைப்பால் பொத்திக்கொண்டு தனியே இருந்து கஞ்சி குடிக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை ஐயா.

3. கதிரால் எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிட்டது, இப்படியே போனால் தாடையை வெட்டி எடுக்க நேரிடும் என்று சத்திரசிகிச்சை வைத்தியர் கூறினார். அதற்கு முன் அழுத்த ஒட்சிசன் அறையில் சில வாரங்கள் வைத்துப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது, ஆனால் தாடை தப்பவும் கூடும் என்று கடிதமும் தந்தார்.

4. அந்த அறை எங்களுக்குப் புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்ததால் இவருடைய கால்கள் மரத்துப்போயின. அன்று ஒரு கடிதமும் கேட்காமல் உள்ளே எடுத்தார்கள். நடந்து வெளியே வந்தார். அந்த நம்பிக்கையோடுதான் இம்முறையும் போனோம். கடைசியாக எப்போது கடலில் இறங்கினார் என்று அறைக்குப் பொறுப்பானவர்கள் கேட்டார்கள். இந்தப் புற்று வருத்தம் வந்தபின் இறங்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். இது சுழியோடிகளின் விபத்துக்கு மட்டும், புற்றுநோயாளரை எடுக்க அனுமதி இல்லை என்று மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்கள். அறை வெறுமையாக இருந்ததை என் கண்ணால் கண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இம்மனுவின் ஒழுங்கு கெட்டுவிடும்.

5. திரும்பி வரும்போது பேருந்தில் அவர், "நான் ஒருக்காச் சிலிண்டர் கட்டி இறங்கி, கெதியா மேல வந்தால் உள்ள எடுப்பினம்தானே?" என்றார். பகிடி என்று நினைத்தேன். சென்ற கிழமை, அவரோடு தொழில் செய்த படகோட்டி ஜெனுசன் வீட்டுக்கு வந்தார். "அக்கா, அண்ணை என்னட்டச் சிலிண்டர் கேட்டவர். நான் குடுக்கமாட்டன். ஆனா வேற ஆக்களிட்டயும் கேட்பார், கவனமா இருங்கோ" என்று சொல்லிப் போனார். அன்றிலிருந்து அவர் கரைப்பக்கம் போனால் பின்னாலேயே போகிறேன். வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கிவிட்டது. படகுகள் இறங்குகின்றன. இந்த உடம்போடு ஆழத்துக்குப் போனால், அறைக்குக் கொண்டுபோக ஆள் உயிரோடு இருக்கமாட்டார்.

6. ஆகவே, வைத்தியரின் கடிதத்தை ஏற்று என் கணவரை அவ்வறையில் அனுமதிக்கும்படி உரியவர்களுக்கு அறிவுறுத்துமாறு மன்றாடுகிறேன். அவர் சுழியோடிதான் ஐயா. வருத்தம்தான் கடலில் வந்ததல்ல.

7. தங்கள் பதில் அனுமதியாக இருந்தால் மேற்குறித்த முகவரிக்கே அனுப்பவும். மறுப்பாக இருந்தால் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் பங்குத்தந்தையிடம் சேர்ப்பியுங்கள். வீட்டில் தபாலை வாங்கிப் பிரிப்பவர் என் கணவர்தான்.

கொக்கிளாய்,
2024.03.11

தங்கள் இரக்கத்தை நம்பியிருக்கும்,
இ. ஸ்ரெல்லா