ஃப்ரிட்ஜில் மறந்த தட்டான்

சிடுமூஞ்சிக்கு,

நான் அக்கா வீட்டுக்குப் போறேன். சாவியையும் இந்தச் சீட்டையும் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு.

காலையில பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தா, டப்பாவுக்குள்ள அந்தத் தட்டான். "அஞ்சு நிமிஷம் குளிர்ல இருந்தா பறக்காம நிக்கும், படம் எடுத்துட்டு விட்டுடலாம்"னு நேத்து நீதான் வச்சே. அப்புறம்தான் லென்ஸ் பேச்சு வந்துது. குட்டி லென்ஸுன்னா ரொம்பக் கிட்டப் போகணும், உன் நிழலே அது மேல விழும், நீள லென்ஸைப் போடுன்னேன். "லைட் பிடிக்கவே துப்பில்ல, இதுல யோசனை வேறயா?"ன்னு கேட்டே. நான் லைட்டை வச்சுட்டு எழுந்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டோம். உள்ள ஒரு உசுரு இருக்குன்னு யாருக்கும் ஞாபகம் வரல.

இனிமே லைட் பிடிக்க ஆள் வேண்டாம். ஃப்ளாஷை ஸ்டாண்டுல கட்டிட்டேன். முன்னாடி வெள்ளைத் துணி சுத்தியிருக்கேன், அதை அவுத்துடாதே. அவுத்தா வெளிச்சம் நேரா அடிச்சு, படத்துல றெக்கை வெறும் வெள்ளையாத்தான் விழும்.

பி.கு: தட்டானை ஜன்னல்ல வெயில் படுற இடத்துல வச்சிருக்கேன். நான் கிளம்புற வரைக்கும் அசையல. இதைப் படம் எடுக்காதே.

அசைஞ்சா எனக்கு ஃபோன் பண்ணு. அசையலேன்னா பண்ணாதே.