தம்பி பார்க்காத வெயில்

செவ்வாய்க்கிழமை, இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

இன்று கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சிக்காகத் தம்பி முத்துவுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் உடம்பில் வைட்டமின் டி சார்ந்த மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கிறார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தம்.

"பையன் வெயில்ல எவ்வளவு நேரம் இருப்பான்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா சிரித்தார். "இங்கன வெயிலுக்கா பஞ்சம்? நாள் பூரா தெருவுலதான் வெளையாடுதான், மேடம்."

டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொண்டார்.

பொய். வீட்டு முன்னால் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று முத்துவைப் பின்னறையில் பூட்டத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. வாசலில் மிளகாய் வற்றல்கூட நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது.

டாக்டரம்மா நம்பிவிட்டாரா? அதுதான் பயம். இத்தனை வெயிலிலும் வைட்டமின் டி குறைவென்றால் பழி முத்துவின் மரபணு மேல் விழும். பூட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏட்டி, அந்தம்மா ஒங்கிட்ட தனியா என்ன கேட்டாவ?"

"ஒண்ணுமில்லப்பா."

ஏதாவது சொல்லணும்னா கூப்பிடு என்று டாக்டரம்மா எனக்குத் தன் நம்பர் எழுதிக் கொடுத்ததை அப்பா பார்த்திருப்பார். எப்போதும் அடுப்படியில் கிடக்கும் அம்மாவின் போன் இன்று அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் போன் கேட்டு, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். முத்துவுக்கு வெயிலே

கதவு தட்டுகிறது. அப்பா.

"ஏட்டி, இந்நேரத்துல என்னத்த எழுதுத? தொற."