ஏணி வேண்டாம் என்றேன்

9-6-58, தொண்டி

காரங்காட்டு ரோட்டுச் சிறுபாலத்துக்கு வந்த மணல் கடற்கரை மணல். நாக்கில் வைத்தாலே கரிக்கிறது. இரண்டு வண்டியையும் திருப்பி அனுப்பிவிட்டேன். கொத்தனார் மலையாண்டி சித்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இந்த ஓவர்சியர் அய்யா வீட்ல சோத்தையும் சலிச்சுத்தான் திம்பாக போல." காதில் விழுந்தது. விழட்டும்.

மகள் பூமயில் இன்று போர்டு ஸ்கூலுக்குப் போனாள். ஒரு வாத்தியார், அறுபத்தெட்டுப் பிள்ளைகள். என்ன படித்தாய் என்றேன்.

"சும்மா இருக்கச் சொன்னாக அய்யா. இருந்தேன்."

இதற்கா நான் மதுரை பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் பசியோடு படித்தேன்? முடியாது. வேறு வழி பார்க்க வேண்டும்.

12-6-58

பாக்கர் சார் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வந்தேன். இலங்கையில் இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சங்கு சேர்த்து வைத்த குடும்பத்துப் பழைய கிட்டங்கியைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பெஞ்சு போட்டிருக்கிறார். முதல் நாளிலிருந்தே இங்கிலீஷ். பக்கத்து வீட்டு மஜீதா அங்கேதான் படிக்கிறாள். பூமயிலைவிட ஆறு மாசம் மூத்தவள், 'ட்வின்கிள்' என்று ஏதோ பாடுகிறாள்.

இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"இருபத்தொரு பிள்ளைக்குத்தான் பெஞ்சு இருக்கு சார். அதுக்கு மேல அடைச்சா இதுவும் போர்டு ஸ்கூல்தான்."

மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல்.

3-7-58

காரியம் முடிந்தது.

பள்ளிக்கு அங்கீகாரம் வேண்டும், அதற்குக் கட்டட உறுதிச் சான்று வேண்டும் என்று பாக்கர் சார் ஆபீசுக்கு மனுவோடு வந்திருந்தார். வழக்கமாக ஒரு மாசம் ஆகும். இன்றே வருகிறேன் என்றேன். மகளைப் பற்றியும் நினைவுபடுத்தினேன். நானாகத்தான். அவர் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க சார்" என்றார்.

முப்பத்தாறுக்குப் பதினெட்டு அடி. சுவர் இரண்டு அடி கனம், கடற்பாறைக் கல், பீரங்கி வைத்தாலும் அசையாது. சன்னல் போதும். மேலே பனமரச் சட்டம், அதுதான் பனங்கை, அதன் மேல் நாட்டு ஓடு. எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்திருந்தது, பளிச்சென்று இருந்தது.

"மேல ஏறிப் பாக்குறீங்களா சார்? ஏணி கொண்டாரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், பார்த்தாச்சு" என்றேன். காண்ட்ராக்டர் ஆபீசில் காத்திருந்தான். வெயில் வேறு. பெஞ்சிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"புள்ளைய திங்கக்கிழமை அனுப்புங்க சார். ஒரு பலகையப் போட்டாவது உக்கார வைக்கிறேன்."

இப்படித்தான் வேலை நடக்க வேண்டும். ஒரே நாளில்.

19-8-58

பூமயில் இங்கிலீஷில் இருபது வரை எண்ணுகிறாள். பதினைந்தை மட்டும் தாண்டிக் குதித்துவிடுகிறாள்.

22-9-58

அங்கீகாரம் வந்துவிட்டது. பாக்கர் சார் என் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். பூமயில் எல்லாப் பிள்ளைகளிடமும், "எங்க அய்யா கையெழுத்து" என்று காட்டுகிறாளாம். மனைவி பிச்சையம்மாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்.

18-10-58, சனி

மழை பிடித்துக்கொண்டது.

காலையில் பாலத்தடியில் மலையாண்டி வந்து பக்கத்தில் குந்தினான். பள்ளிக்கு வெள்ளியும் ஞாயிறும் லீவு; நேற்று வெள்ளி. உடைந்த ஓடு மாற்ற அவனைக் கூப்பிட்டிருக்கிறார் பாக்கர் சார்.

"கால வச்சேன் அய்யா, பனங்கை மாவா உதிருது. மேல சுண்ணாம்பு, உள்ள பூரா செல்லு அரிச்சிருக்கு. சொவத்துக்குள்ள போற முனையில ஒண்ணுமே இல்ல. ஓடு கனத்துல ஏதோ நிக்கிது."

"அவரிடம் சொன்னாயா?"

"சொல்லாமயா? 'கவுருமெண்டு ஓவர்சியரே பாத்து எழுதிக் குடுத்துருக்காரு, நீ ஓட்டை மட்டும் மாத்து'ன்டாரு." பீடியைப் பற்றவைத்தான். "எந்த ஓவர்சியருன்னு நான் கேக்கல அய்யா. கேட்டா சொல்லிப்புடுவாரோன்னு பயம்."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆறு மைல் சைக்கிள் மிதித்தேன். இதைத்தான் எழுத வேண்டும், எழுதாமல் இருக்க முடியவில்லை. மிதிக்கும்போது என்ன நினைத்தேன்? பள்ளியைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்றுதான். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். வாசலில் போய் நின்றதும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றார்கள். பாக்கர் சார் சிரித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் என் கையெழுத்து.

என் வாயில் வந்தது இது: "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க. பூமயிலை மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

மட்டும்.

கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மழையில், சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து. விருந்தாளி யாரு அய்யா, யாரு அய்யா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

19-10-58, ஞாயிறு

பள்ளி இல்லை. போய்ப் பார்த்திருக்கலாம். ஏணியும் ஒரு திருப்புளியும் போதும். பத்து நிமிஷ வேலை.

போகவில்லை. நல்ல மழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா? என் புரொபேஷன் மார்ச்சில்தான் முடிகிறது. கடல் மணலைத் திருப்பி அனுப்பியவன் என்று ஜில்லா முழுக்கப் பேர். அந்தப் பேர் போய்விடும். இதுதான் உண்மை. வேறு ஒன்றும் இல்லை.

20-10-58

காலை எட்டு மணிக்கு வாசலில் மஜீதா. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பூமயிலு, வாரியா?"

"அவளுக்குக் காய்ச்சல்" என்று உள்ளிருந்தே சொன்னேன்.

"சரி மாமா, சார்ட்ட சொல்லிர்றேன்."

போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை. தெருத் திரும்பும் வரை சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சாக்கு, கீழே இரண்டு சின்னக் கால்.

பிச்சையம்மாள் பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். "மேலு சுடலையே?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டியதில்லை.

21-10-58

மறுபடி, "பூமயிலு, வாரியா?"

பிச்சையம்மாள் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். சொல்லிவிட்டேன். முழுதும். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப மஜீதாவை ஏன் போகவிட்டீக?"

இவ்வளவுதான் கேட்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். மஜீதாவைப் பாதி வழியில் பிடித்து, கடலை வறுத்துத் தாரேன் என்று சொல்லிக் கூட்டி வந்து எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். சரி. இரண்டு பிள்ளை. இன்னும் இருபது பேர் அங்கே.

"போங்க. நீங்க போகலைன்னா நான் போவேன். எனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாது, வாய் இருக்குல்ல" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பள்ளித் தெரு முனை வரை போனேன். எண்ணும் சத்தம் கேட்டது. லெவன், ட்வெல்வ். அங்கிருந்து ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன். மதியம் போகலாம் என்று. மதியமும் போகவில்லை. போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்று வீட்டில் பொய் சொன்னேன். மழை நாலு மணிக்குத்தான் வெறித்தது. அதுவரை ஆபீஸ் மேசையில் ஒரு எஸ்டிமேட்டை மூன்று தடவை கூட்டினேன். மூன்று விடை வந்தது.

சாயங்காலம் பாக்கர் சாரே வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு ஆரஞ்சு. காய்ச்சல் பிள்ளைக்கு.

பூமயில் திங்குதிங்கென்று குதித்துக்கொண்டு வந்தாள். "எனக்குக் காய்ச்சலே இல்ல சார். மழை விடுற வரைக்கும் போகப்படாதுன்டு அய்யா சொல்லிட்டாக."

அவர் அவளிடம் ஆரஞ்சைக் கொடுத்தார். உட்காரவில்லை.

"சார், அன்னைக்கு ஏணி கொண்டாரச் சொல்லட்டுமான்னு கேட்டேன்ல?"

"ஆமா."

"நீங்க வேணாம்னீங்க."

"ஆமா."

"கொத்தனார் சொன்னப்ப நான் அவனைத்தான் ஏசினேன். படிச்ச மனுசன் பாத்ததை நீ குத்தம் சொல்றியான்னு." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சனிக்கிழமை நீங்க வந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அல்லாவே" என்றார். வேறு யாரிடமோ சொல்வது போல. பிறகு, "மத்த பிள்ளைகளுக்கும் வாப்பாமார் இருக்காங்க சார். சில பேரு பினாங்குல இருக்காங்க. எங்கிட்டத்தான் விட்டுட்டுப் போயிருக்காங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "காலையில ஏழு மணிக்கு வாங்க. ஏணி நான் வச்சிருப்பேன்."

22-10-58

ஏணி இருந்தது. அவர்தான் பிடித்துக்கொண்டார்.

திருப்புளியை வைத்தேன். அழுத்தவே இல்லை, பிடி வரை உள்ளே போனது. பதினான்கு பனங்கையில் ஆறு கெட்டுவிட்டது. ஆறும் வடக்குப் பக்கம், ஒன்றாம் வகுப்பு பெஞ்சுகளுக்கு மேல். பூமயிலுக்காகப் போட்ட பலகையும் அங்கேதான்.

கீழே பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக வாசலில் நிறுத்தித் தன் வீட்டுக்கு அனுப்பினார் பாக்கர் சார். கூட வந்த பெரியவர்கள் என்ன என்று கேட்டார்கள். அவர் ஏணியில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். நானே சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

சொன்னேன். ஏணி மேல் நின்றபடியே. "ஏறிப் பார்க்காமல் நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

மஜீதாவின் தாயார் தாஜுன்னிசாவும் கூட்டத்தில் இருந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "உங்க புள்ளைய மட்டும் சனிக்கிழமையே கூட்டிட்டுப் போனீங்களே, அது எதுக்குத் தம்பி?"

தம்பி என்றுதான் அழைத்தார். எப்போதும் போல. ஏணியை விட்டு இறங்கினேன்.

25-10-58

மலையாண்டி ஓட்டை இறக்கிவிட்டுப் பனங்கையைப் பிரித்தான். கயிறு கட்டி இழுக்கலாம் என்றேன். "கயிறு எதுக்கு" என்று ஒற்றைக் கையால் எடுத்துக் கீழே போட்டான். விழுந்த இடத்தில் மாவு. அவன் இன்று கிண்டல் எதுவும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

புதுப் பனங்கை வாங்க நானும் பங்கு தருகிறேன் என்றேன். பாக்கர் சார், "வேணாம் சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

27-10-58

மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். 'நேரில் ஏறிச் சோதிக்காமல் சான்று அளித்தேன். என் மகளைச் சேர்ப்பதற்காக அவசரப்பட்டேன். சான்றை ரத்து செய்யக் கோருகிறேன்.' கடைசியில் இன்னொரு வரி இருந்தது, தெரிந்த பிறகு மூன்று நாள் சும்மா இருந்ததைப் பற்றி. அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன்.

அவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ரிப்பேர்தான் நடக்குதே. ஏன்யா நீயா போய் மாட்டிக்கிறே?"

17-11-58

அங்கீகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒன்பது பிள்ளைகள் நின்றுவிட்டன. மீதிப் பேருக்குப் பாக்கர் சார் தன் வீட்டுக் கூடத்தில் பாடம் நடத்துகிறார். ஒரு குற்றமும் செய்யாதவர்.

பூமயில் வரலாமா என்று கேட்கப் போனேன். எவ்வளவு துணிச்சல் எனக்கு. வாசலிலேயே நின்றேன்.

"வரட்டும் சார். அது என்ன செஞ்சுச்சு?"

உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

18-11-58

எட்டு மணிக்கு மஜீதா எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள். கூப்பிடவில்லை. பூமயில் சிலேட்டைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் பின்னாலேயே தனியாகப் போனாள்.

9-1-59

பூமயில் பதினைந்தைத் தாண்டாமல் எண்ணுகிறாள். என் சான்றிதழ் இருந்த கண்ணாடிச் சட்டத்துக்குள் இப்போது வாய்ப்பாடு இருக்கிறதாம்.

"உங்க கையெழுத்து எங்க அய்யா?" என்றாள்.

30-4-59

புரொபேஷன் ஒரு வருஷம் நீட்டிப்பு. கடலாடிக்கு மாற்றல்.

பாக்கர் சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தன. பூமயிலின் கையில் ஒரு ஆரஞ்சு வைத்தார். என்னிடம், "மழைக்கு முன்ன கிட்டங்கி வேலை முடிஞ்சிரும், இன்ஷா அல்லா" என்றார். அதுவே அதிகம்.

8-6-59, கடலாடி

பூமயிலைப் போர்டு ஸ்கூலில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன். சேர்க்கும் முன் ஹெட்மாஸ்டரிடம் ஏணி இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீங்க எந்த ஆபீஸ் சார்? உத்தரவு எதுவும் இருக்கா?"

"உத்தரவு இல்லை. பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறேன்."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்துச் சத்திரத்திலிருந்து ஏணி வந்தது. பனங்கை முப்பத்திரண்டு. ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தேன். சட்டை நனைந்துவிட்டது, கண்ணெல்லாம் தூசி. இரண்டாம் வகுப்புக்கு மேல் எல்லாம் கெட்டி. நாலாம் வகுப்புக்கு மேல் ஒன்றில் திருப்புளி உள்ளே போனது.

"லீவுல பாத்துக்கலாம் சார், இறங்குங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வேப்பமரத்தடிக்குப் போய் உட்காரும் வரை நான் இறங்கவில்லை.