கால் உளைந்த நேரம்

சனிக்கிழமை, இரவு

நடக்க இயலாதவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் எங்கள் சங்கத்தில் தொண்டர்கள் போதவில்லை. ஆளில்லாமல் இந்தக் கிழமை இரண்டு பேரின் கிளினிக் தவறிப்போனது. அதனால் இன்று வெள்ளவத்தைச் சந்தை வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. கால் உளைந்தது. காட்சிக்கு வைத்திருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உடனே மரக்கறிப் பையோடு ஒரு அம்மா ஓடி வந்தார். "றோட்டைக் கடக்கோணுமோ பிள்ளை? நான் தள்ளிவிடுறன்."

வெட்கத்தோடு எழுந்து விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று பயந்தேன். சிரித்தார்.

"இதைத் தள்ளத்தான் ஆள் தேடுறியளோ? இரும், ஒருக்காப் பழகிப் பாப்பம்."

என்னை இருத்தி, சனம் நிறைந்த காலி வீதியோரம் தள்ளிக்கொண்டு போனார். பார்த்தவர்களெல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். திரும்பி வந்தபோது என் கொப்பியில் தொண்டர்களாகச் சேர ஐந்து பெயர்கள்!

இது ஏமாற்றா என்று மனம் கொஞ்சம் அரிக்கிறது. ஆனாலும் கடவுளே, அடுத்த சனிக்கிழமையும் எனக்குக் கால் உளைய வேண்டும்.